தங்கச்சி மாப்பிள்ளையின் விண்கலம்

ஒரு வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் தண்ணீர் கேட்பார்கள், அல்லது உட்கார இடம் பார்ப்பார்கள். எங்கள் தங்கச்சி மாப்பிள்ளை வந்தால் முதலில் வீட்டில் உள்ள ஆட்களைப் பார்ப்பார். சந்தையில் ஆட்டின் வாயைப் பிளந்து பல் பார்க்கிறவர் பார்வை அது. இந்த ஆள் எவ்வளவு தாங்கும், எந்த இடத்தில் ஒடியும் என்று பார்க்கிற பார்வை. அதற்குப் பயந்து நான் அடுக்களைக்குள் போய்விடுவேன். அங்கேயும் வந்து எட்டிப் பார்ப்பார்.

அவர் பெயரை எழுத எனக்கு மனசு இல்லை. இப்போது உயிரோடு இல்லை. காட்டாக்கடையில் தனியாக இருந்து அங்கேயே போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு நான் போகவில்லை. போய்விட்டு வந்தவர்கள் எங்கள் வீட்டில் ஏறி, "எவ்வளவு படிச்ச மனுசன், எத்தன நாட்டுக்காரன்கூடப் பழகினவரு, உங்களுக்கு அவருக்க அருமை தெரியாமப் போச்சே" என்றார்கள். நான் நாலாம் வகுப்பு வரை படித்தவள். ஆட்கள் முன்னால் வாய் திறந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கும் சும்மா தலையை ஆட்டி, காப்பி போட எழுந்து போனேன். அவர் அருமை எனக்குத் தெரியும் என்று அவர்களிடம் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

அவர் அரசாங்கச் செலவில் ருஷ்யாவுக்குப் படிக்கப் போனவர். படித்து முடித்தபின் மாஸ்கோவுக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் வேலை கிடைத்தது. வானத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிற நிலையம் ஒன்று அவர்களுக்கு அப்போது இருந்தது. அதில் போய் மாதக்கணக்கில் தங்க வேண்டியவர்களைப் பழக்குகிற ஊராம் அது. ஜப்பான்காரன், ஜெர்மன்காரன், பிறகு அமெரிக்காக்காரன் என்று பல நாட்டார் அங்கே வந்து பழகினார்கள். பழக்குகிறவர் ருஷ்ய மொழியில் சொல்வதை, இவர் பக்கத்தில் நின்று இங்கிலீசில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் இவர் வேலை. தொண்ணூறுகளின் நடுவில் அந்த வேலை போய் ஊருக்கு வந்து சேர்ந்தார்.

ஊர் என்றால் எங்கள் ஊர். பாறசாலையிலிருந்து பனச்சமூடு போகிற வழியில் எங்கள் அப்பா கட்டிய வீடு. அதில் நானும் என் தங்கை கிரேசும் அவள் மகள் பிரீதாவும் இருந்தோம். முன்பு ஒரு தடவை லீவுக்கு வந்தபோது அவர் கிரேசைக் கட்டிவிட்டுத் திரும்பிப் போயிருந்தார். எங்கள் ஆங்ஙளை, அதாவது கூடப்பிறந்தவர், காரோடு என்ற ஊரில் தனிக் குடித்தனம் இருந்தார். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. கிரேசுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. மழை பிடித்தால் மூச்சுக்குத் தவிப்பாள். வாயில் வைத்து அழுத்துகிற மருந்துக் குழலைச் சேலை முந்தியில் முடிந்து வைத்திருப்பாள். அந்தக் குழலை அவர் பார்த்த முதல் நாளே கேட்டார்:

"இது இல்லாம உனக்கு எவ்வளவு தாங்கும்?"

"அத எதுக்குப் பாக்கணும்?" என்றாள் கிரேசு.

"பாக்காம எப்படித் தெரியும்?" என்றார்.

அந்த மனுசனின் முழு வாழ்க்கையும் இந்தக் கேள்விதான். தாங்குமா, தாங்காதா. வேறு எதுவும் அவருக்கு வேண்டாம்.

பனச்சமூட்டில் முடிவெட்டும் கடை ஒன்று மூடப்பட்டபோது, அங்கே கிடந்த சுழலும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முன்னறையில் போட்டார். எண்ணெய் விட்டார். அந்த ருஷ்ய ஊரில் இப்படி ஒரு நாற்காலி உண்டாம். கண்ணைக் கட்டி உட்கார வைத்துச் சுற்றுவார்களாம். சுற்றும்போது தலையை வலமும் இடமும் சாய்க்கச் சொல்வார்களாம். மேலே போனால் எது மேல், எது கீழ் என்று உடம்புக்குத் தெரியாது. குமட்டும். அதைத் தாங்கப் பழக்குவதற்காம் இது.

எங்கள் சபையின் உபதேசியார் மாதத்துக்கு ஒரு முறை ஜெபிக்க வருவார். பாவம், பருத்த உடம்பு, வெள்ளை ஜிப்பா. வந்தவரைக் கையைப் பிடித்து இவர் அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்.

"உபதேசியாரே, ஒரு சின்ன சோதனையாக்கும். கண்ண மூடுங்க."

"ஐயோ, நான் இப்பதான் பிலிப்போஸ் வீட்டுல பழமும் புட்டும் தின்னிட்டு வாறேன்."

"அது நல்லதுதான். வயிறு நிறஞ்சிருந்தா சரியாத் தெரியும்."

சுற்றினார். உபதேசியார் முதலில் சிரித்தார். பிறகு, "மதி, மதி, போதும் சாரே" என்றார். பிறகு கர்த்தரைக் கூப்பிட்டார். பிறகு பழமும் புட்டும் ஜிப்பாவில் வந்தது. நான் வாளியும் துணியும் கொண்டுவந்தேன். உபதேசியார் கண் கலங்கி அமர்ந்திருந்தார். இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஜப்பான்காரன் இதுக்கு எத்தனையோ மேல்" என்றார். உபதேசியார் அதன்பிறகு எங்கள் வீட்டு வாசலில் நின்றபடியே ஜெபித்துவிட்டுப் போய்விடுவார். கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிப்பார்.

என்னையும் சுற்றினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு இருந்தேன். எனக்குக் குமட்டவில்லை. ஏன் என்று எனக்கும் தெரியாது. நாற்காலி நின்றதும் அவர் கை தட்டினார்.

"கிரேசே, பாத்தியா உனக்க அக்கச்சிய? ஒரு சத்தம் இல்ல, ஒரு முனகல் இல்ல. இவளாக்கும் ஆளு. இந்த மாதிரி ஆளத்தான் மேல அனுப்புவாங்க."

எனக்கு வாழ்நாளில் யாரும் என்னைப் புகழ்ந்தது கிடையாது. கிடைத்த ஒரு புகழ்ச்சி இந்த வாயிலிருந்து வந்தது. சாணியை மிதித்த மாதிரி இருந்தது.

அதிலிருந்து ஒரு வினை பிடித்தது. மேலே போகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் இன்னொரு ஆளையும் சேர்த்துப் பழக்குவார்களாம். அதே பாடம், அதே உடுப்பு, அதே சோதனை. போக வேண்டியவருக்குக் காய்ச்சல் வந்தால், கால் ஒடிந்தால், மாற்று ஆள் ஏறிப் போவார். இவர் கிரேசை 'மெயின்' என்றும் என்னை 'பேக்கப்' என்றும் கூப்பிடத் தொடங்கினார். அவள் மீன் அறுத்தால் நானும் பக்கத்தில் நின்று அறுக்க வேண்டும். அவள் அவருடைய சட்டைக்குப் பொத்தான் தைத்தால் நானும் ஒன்று தைத்துக் காட்ட வேண்டும். ஒருநாள் கிரேசு இருமி இருமிச் சோறு பரிமாற முடியாமல் சுவரில் சாய்ந்தாள். அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"மெயினுக்கு முடியாட்டா பேக்கப் ஏறும். அங்க எல்லாம் அப்படித்தான். அதுக்காக எவனும் கரைஞ்சு அழுதுட்டு இருக்கமாட்டான்."

சோற்றுச் சட்டி அப்போது என் கையில் இருந்தது. கிரேசு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கூடப்பிறந்தவளை அப்படிப் பார்க்கக் கூடாது. நான் வளர்த்த பிள்ளை அவள். அன்றும் மறுநாளும் என்னோடு பேசவில்லை. இழுத்துக்கொண்டிருந்தாலும் மருந்துக் குழலை அவர் கண் முன்னால் எடுப்பதை விட்டுவிட்டாள். முடியாதவள் என்று காட்டிவிட்டால் அந்த வீட்டில் தன் இடம் போய்விடும் என்று பயந்தாள். என்னால்தான் போகும் என்றும் நினைத்தாள். அவருக்கு அது தெரியாமல் இல்லை. யாருக்கு யாரோடு ஒத்துப்போகும், யார் யாரோடு அடித்துக்கொள்வார்கள் என்று பார்ப்பதும் அங்கே ஒரு சோதனையாம்.

அந்த ஊரில் எந்த நாட்டானும் ருஷ்ய மொழி படிக்காமல் ஏற முடியாதாம். சுழலும் நாற்காலியில் கலங்காத ஒரு வெள்ளைக்காரப் பெண் மொழி வகுப்பில் தேம்பி அழுததைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார். எங்களுக்கும் சொல்லித்தந்தார். தண்ணீர் வேண்டுமென்றால் 'வதா' என்று கேட்க வேண்டும். கேட்காதவருக்குக் குடத்தின் மூடி திறக்காது. பிரீதா ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். கிரேசும் கற்றாள். எனக்குத் தெரிந்திருந்தும் வாயில் வரவில்லை. நான் புறவாசல் கிணற்றில் கோரிக் குடித்தேன். கிணற்றுக்கு ருஷ்ய மொழி தெரியாது.

மேலே போவதற்கு முந்திய நாட்களில் அங்கே தலைமாடு தாழ்ந்த கட்டிலில் படுக்க வைப்பார்களாம். இரத்தம் தலைக்கு ஏறி, பழகவேண்டும் என்று. கிரேசின் கட்டிலில் கால் பக்கம் செங்கல் வைத்தார். மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்து படுத்தால்தான் மூச்சு விடுகிற பெண் அவள். அவர் எழுந்து வெளியே போனதும் நான் செங்கலை எடுப்பேன். அவர் வந்து மறுபடி வைப்பார். இதைப் பற்றி நானும் அவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

நல்லது ஒன்றும் சொல்லாமல் போனால் பொய்யாகிவிடும். கதை சொல்வதில் அவரை மிஞ்சி ஆள் இல்லை. பெரிய நீர்த்தொட்டிக்குள் நிலையத்தின் மாதிரி ஒன்றை இறக்கி, கனத்த உடுப்போடு ஆட்களை உள்ளே விட்டு, தண்ணீரில் மிதந்தபடி ஆணி முடுக்கப் பழக்குவதைச் சொல்வார். நிலையத்திலிருந்து திரும்பும்போது வழிதவறிக் காட்டில் விழுந்தால் என்ன செய்வது என்று, மூன்று பேரைப் பனிக்காட்டில் கொண்டுவிட்டு, பாராசூட் துணியில் கூடாரம் கட்டச் சொல்வதைச் சொல்வார். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். கையில் உள்ள வேலை நின்றுபோகும்.

அப்படி ஒரு சாயங்காலம் பிரீதா கேட்டாள்: "அப்பா, அந்த நாற்காலியில நீங்க இருந்திருக்கியளா?"

"அது பறக்கியவங்களுக்கு உள்ளதாக்கும். நமக்கு அனுமதி கிடையாது."

"அப்போ தண்ணித் தொட்டியில?"

"நான் கரையில நின்னு சொல்லிக் கொடுக்கணுமில்லா?"

"பனிக்காட்டுல?"

"எனக்கு வண்டி உண்டும். வண்டிக்குள்ள ஹீட்டர் உண்டும்."

"பின்ன நீங்க எதுலதான் இருந்தீங்க?"

கிரேசு சிரித்துவிட்டாள். இழுப்போடு சேர்ந்த சிரிப்பு, விசில் மாதிரி சத்தம் வந்தது. நானும் கதவுக்குப் பின்னால் சிரித்தேன். அவர் எழுந்து போய்விட்டார். அதன்பிறகு கதை சொல்வதை நிறுத்திக்கொண்டார். சோதனை மட்டும்தான்.

இனி ஒரு காரின் விஷயம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் குடியிருந்த தங்கய்யன் அம்பாசடர் டாக்சி ஓட்டினான். அவன் வீட்டுக்குப் போகிற இடவழியில் கார் நுழையாது. அதனால் எங்கள் முற்றத்தில் நிறுத்திவிட்டுப் போவான். காலையில் வாளியும் துணியுமாக வந்து துடைத்து எடுத்துக்கொண்டு போவான். இவர் அந்தக் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். வானத்து நிலையத்தில் எப்போதும் ஒரு கலம் ஒட்டி நிற்குமாம். தீப்பிடித்தால், காற்று கசிந்தால், விஷப்புகை பரவினால், எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அதில் ஏறி உட்கார்ந்து கதவை மூடிக்கொள்ள வேண்டும். அதில் ஒவ்வொருவருக்கும் சொந்த இருக்கை உண்டு. ஆளைக் குழைந்த சாந்தில் படுக்கவைத்து, முதுகின் அச்சு எடுத்துச் செய்கிற இருக்கை. பூமியில் வந்து விழும்போது அடி பலமாக இருக்கும். அடுத்தவர் இருக்கையில் இருந்தால் முதுகு ஒடியும்.

எங்களுக்கும் அச்சு எடுத்தார். செங்கல் சூளைக் களிமண்ணைப் பலகையில் பரப்பி, அதில் மல்லாந்து படுக்கச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. கிரேசு மட்டும் அன்று எனக்காகப் பேசினாள். "நீங்க வெளியே போங்க. அக்காளுக்கு நான் எடுக்கேன்." அவர் போனார். அவள் என் தோளைப் பிடித்து மெல்லப் படுக்க வைத்தாள். களிமண் குளிர்ந்தது. எங்களுக்குள் இருந்த பிணக்கு அன்றைக்குத் தீர்ந்தது என்று நினைக்கிறேன். அந்த அச்சுக்குத் தேங்காய்த் தும்பு அடைத்து மூன்று மெத்தைகள் நானே தைத்தேன். அவை தங்கய்யனின் காரின் பின்இருக்கையில் ஏறின.

"சாரே, இது என்ன, எனக்க வண்டியக் கட்டிலாக்குறியளா?" என்றான் தங்கய்யன்.

"முற்றம் வேணுமா, வேண்டாமா?"

"வேணும், சாரே."

"அப்போ இருக்கட்டு."

நடுவறையில் ஒரு இரும்புத் துண்டைத் தொங்கவிட்டார். பள்ளிக்கூடத்தில் மணியாக அடிக்கிற மாதிரி. சட்டமும் சொன்னார். ஆபத்தை முதலில் யார் பார்த்தாலும் அடிக்கலாம். அனுமதி வேண்டாம். யார் அடித்தார்கள், ஏன் அடித்தார்கள் என்று யாரும் கேட்கக் கூடாது. மணி கேட்டால் கதவைத் திற, ஏறு, மூடு. கேள்வி எல்லாம் பிறகு. அவருடைய பங்கு, அடுக்களைக்குப் போய் கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுக் கடைசியாக ஏறுவது. தலைவன் கடைசியில்தான் வரவேண்டுமாம். கார் முற்றத்தில் நிற்கிறபோது எந்த நேரத்திலும் அடிப்பார். பிரீதா தலை பின்னிக்கொண்டிருப்பாள், நான் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். போட்டுவிட்டு ஓட வேண்டும்.

ஒருநாள் மழையில் அடித்தார். கிரேசுக்கு ஓட முடியவில்லை. மூச்சு வாங்கிப் படியில் நின்றாள். அன்று சிலிண்டர் மூடப்பட்டு, தலைவனும் ஏறி, நாங்கள் மூவரும் உள்ளே இருந்தோம். அவள் காருக்கு வந்து சேர்ந்தபோது கதவுகள் பூட்டியிருந்தன. கண்ணாடியில் தட்டினாள். நான் கைப்பிடியைத் தொட்டேன்.

"தொடப்பிடாது," என்றார் முன்இருக்கையிலிருந்து. "மூடின கதவு திறக்கப்பிடாது. வெளியில நிக்கியது யாரா இருந்தாலும் சரி. ஒருத்தருக்காகத் திறந்தா உள்ள இருக்கிய எல்லாரும் சாவாங்க."

"அப்பா, அம்மை நனைஞ்சிட்டிருக்கா!" என்று பிரீதா கரைந்தாள்.

"நனையட்டு. அடுத்த தடவ நேரத்துக்கு வருவா."

கண்ணாடியில் தண்ணீர் ஓடியது. அந்தப் பக்கம் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை, கை மட்டும் தெரிந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையை நான் மறக்கவில்லை.

ஓண விடுமுறை வந்தது. பிரீதாவுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அடுத்த சோதனைக்கு அதைத்தான் அவர் காத்திருந்தார். அங்கே ஆட்களை மூடிய அறையில் நாள்கணக்கில் வைத்து, வெளியிலிருந்து பார்ப்பார்களாம். யாரும் வரமாட்டார்கள், சத்தம் கேட்காது. யார் அழுகிறார்கள், யார் சண்டை பிடிக்கிறார்கள் என்று பார்த்து ஆளைக் கழிப்பார்களாம். எங்கள் வீட்டு ஜன்னல்களை எல்லாம் அடைத்து, இடுக்குகளில் தாள் ஒட்டினார். புறவாசலுக்கு வெளியிலிருந்து கொண்டி போட்டார். முன்கதவுக்கு அவர் கையில் சாவி. நாங்கள் மூவரும் உள்ளே. அவர் வெளியே, வராந்தாவில், சாய்வு நாற்காலியில், காற்று வாங்கிக்கொண்டு. முன்கதவில் ஒரு சிறு துளை போட்டு வைத்திருந்தார். அதில் அவர் கண் வந்து வந்து போகும்.

உள்ளே போகும்முன் கிரேசின் முந்தியிலிருந்த மருந்துக் குழலை அவிழ்த்து எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டார்.

"அது எனக்கு வேணும்," என்றாள்.

"வேணுமுன்னா துளை வழியா கேளு. தருவேன். கேட்டா நீ தோத்தேன்னு அர்த்தம். அதோட சோதனை முடிஞ்சுது. பின்ன மெயின் யாருன்னு நாம வேற யோசிக்கணும்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் கேட்க மாட்டாள் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

வெளியே மழை. உள்ளே அடுப்பு வெக்கையும் ஈரத்துணி நாற்றமும். அடைத்த வீட்டில் சுவரெல்லாம் வியர்த்தது. இரண்டாம் நாளே அவளுக்கு இழுக்கத் தொடங்கியது. படுக்க முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நின்றாள். மூன்றாம் நாள் காலையில் உதடு நீலம் பாய்ந்திருந்தது. பேச்சு வரவில்லை. கழுத்துக் குழி உள்ளே போய் உள்ளே போய் வந்தது. பிரீதா, "அம்மே, கேளு அம்மே, நான் கேக்கட்டா?" என்று அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். கிரேசு தலையை ஆட்டி மறுத்தாள்.

நான் துளைக்குப் போனேன். அந்த மனுசனிடம் நானாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"கிரேசுக்கு மூச்சு முட்டுது. மருந்தத் தாங்க."

"அவ கேக்கட்டு."

"அவளுக்குப் பேச முடியல்ல."

"பேச முடியாட்டா கை காட்டலாம். பேக்கப் இடையில பேசப்பிடாது, அக்கச்சி. நீங்க நல்லாச் செய்யுதிய. இப்ப கெடுக்காதீங்க."

துளையில் கண் போய், சாய்வு நாற்காலி கிறீச்சிட்டது. அப்போது முற்றத்தில் வாளி வைக்கிற சத்தம் கேட்டது. தங்கய்யன் கார் துடைக்க வந்திருக்கிறான். கொஞ்ச நேரத்தில் துடைத்து முடித்துக் கிளம்பிப் போய்விடுவான்.

கதவை உடைக்க எனக்குப் பலம் இல்லை. கூவி ஆளைக் கூட்டும் தொண்டையும் இல்லை. தங்கய்யனிடம் கத்தினாலும், "சோதனையாக்கும்" என்று இவர் சிரித்துச் சொன்னால் அவன் முற்றத்தை நினைத்துப் பேசாமல் போவான். என்ன செய்தால் அந்தக் கதவு திறக்கும் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். நடுவறையில் இரும்புத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மிக் குழவியைத் தூக்கிவந்து அதில் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன்.

முன்கதவு பூட்டு திறக்கிற சத்தம் உடனே கேட்டது. அவருடைய சட்டம் அவர் உடம்பிலும் ஊறியிருந்தது. கதவைத் தள்ளித் திறந்தவர் என்னைப் பார்க்கவில்லை, யார் அடித்தது என்று கேட்கவில்லை, நேராக அடுக்களைக்கு ஓடினார். சிலிண்டர். நான் கிரேசின் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். பிரீதா முன்னால் ஓடிக் கார்க்கதவைத் திறந்தாள். கிரேசை அவளுடைய மெத்தையில் உட்காரவைத்து, நானும் ஏறிக் கதவைச் சாத்தினேன். பிரீதா எங்கள் நடுவில். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. நான் என் பக்கத்துப் பூட்டை அழுத்தினேன். பிரீதா அவள் அம்மை பக்கத்துப் பூட்டை அழுத்தி, முன்னால் எக்கி, தலைவனுடைய இருக்கைக் கதவின் பூட்டையும் அழுத்தினாள். அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

தங்கய்யன் ஈரத்துணியோடு நின்றான். கிரேசின் முகத்தைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவன் பக்கம் ஏறினான்.

"எங்கோட்டு அக்கா?"

"ஆஸ்பத்திரிக்கு. நெய்யாற்றின்கரைக்கு."

அவன் சாவியைத் திருப்பினான். அதற்குள் இவர் வெளியே வந்துவிட்டார். வந்ததும் முதலில் செய்தது கடிகாரத்தைப் பார்த்தது. பிறகு முன்கதவின் கைப்பிடியை இழுத்தார். திறக்கவில்லை. குனிந்து உள்ளே பார்த்தார்.

"செரி, கொள்ளாம், நல்லா இருக்கு. நல்ல நேரம். சோதனை முடிஞ்சுது. திற."

பிரீதா அம்மையின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"திற பிரீதா. எறங்குங்க எல்லாரும். யாரு அடிச்சது?"

பிறகுதான் கார் எஞ்சின் ஓடுவதைக் கவனித்தார். எங்கள் பக்கம் வந்தார். சட்டைப் பையிலிருந்து மருந்துக் குழலை எடுத்துக் கண்ணாடிக்கு நேராகக் காட்டினார்.

"இது வேணுமில்லா? திற, தாறேன். எறங்கி வந்து வாங்கிட்டுப் போ."

என் விரல் பூட்டின்மேல் இருந்தது. அவருக்கும் எனக்கும் நடுவில் கண்ணாடி. அந்தக் குழலில்தான் என் தங்கையின் மூச்சு இருந்தது. திறந்தால் மருந்து கிடைக்கும். ஆனால் அவர் கை உள்ளே வரும், சாவி அவர் கைக்குப் போகும், நாங்கள் மூவரும் இறங்குவோம். நெய்யாற்றின்கரை வரை அவள் தாங்குவாளா என்று எனக்குத் தெரியாது. நான் கிரேசைப் பார்த்தேன். பேச்சில்லாமல் இழுத்துக்கொண்டிருந்தவள், பிரீதாவைத் தாண்டிக் கையை நீட்டி, பூட்டின்மேல் இருந்த என் விரலின்மேல் வைத்து அழுத்தினாள். திறப்பதற்காக வைத்த கை அல்ல அது.

நான் அவரைப் பார்த்துச் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். தங்கய்யன் திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது.

"மூடின கதவு திறக்கப்பிடாது. தங்கய்யா, வண்டிய எடு."

காருக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிவந்தார். பிறகு ரோட்டில் நின்றுவிட்டார். குழல் கையில் இருந்தது. வழியெல்லாம் பிரீதா அம்மையின் முதுகைத் தடவிக்கொண்டே, "இப்ப வந்துரும் அம்மே, இப்ப வந்துரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கய்யன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. கிரேசு அந்தத் தும்பு மெத்தையில் முதுகைப் பதித்து, கண்ணை மூடி, ஒவ்வொரு மூச்சாக இழுத்துக்கொண்டு வந்தாள். முதுகுக்கு அது சரியாகப் பொருந்தியிருந்தது. அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்து, சின்ன அறையொன்றில் படுக்க வைத்தார்கள். மூன்று தலையணை கேட்டேன், தந்தார்கள். மதியத்துக்கு மேல் உதட்டில் நிறம் வந்தது. தங்கய்யன் போய் எங்களுக்குக் கஞ்சி வாங்கிக்கொண்டு வந்தான். "காரோட்டுல உங்க ஆங்ஙளைக்குச் சொல்லிவிட்டாச்சு அக்கா. வந்து கூட்டிட்டுப் போவாரு" என்றான்.

சாயங்காலம் அவர் பஸ் பிடித்து வந்தார். தேய்த்த சட்டை, சீவிய தலை. அறைக்குள் வரவில்லை. வாசலில் நின்று நர்சிடம் பேசிக்கொண்டிருந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அப்படி இல்லை. அவர் குரலில் பெருமை இருந்தது.

"வேற வீடா இருந்தா இன்னைக்கு ஆளு போயிருக்கும், சிஸ்டரே. எனக்க வீட்டுல எல்லாருக்கும் ட்ரெயினிங் உண்டும். மணி கேட்டா மூணு பேரும் வண்டியில இருப்பாங்க. ருஷ்யாவுல எப்படிப் பழக்குவாங்களோ, அதுமாதிரி நான் பழக்கினதாக்கும். இல்லாட்டா இந்தப் பெண்ணுங்களுக்கு—"

"அப்படியா சாரே, கொள்ளாமே," என்றாள் அந்த நர்சு. அவள் எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

கிரேசு கண்ணைத் திறந்தாள். மூக்கில் இருந்த குழாயைக் கொஞ்சம் விலக்கினாள். காலையிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான்.

"அக்கா, அந்தக் கதவ அடை."

நான் எழுந்து போனேன். அவர் நர்சிடம் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாளைப் போட்டேன்.